உறங்காத காவற்காரனின் மின்செலவு

வேலை முடிந்ததும் விளக்கை அணைக்கிறோம். அறையை விட்டு வெளியே வரும்போது மின்விசிறியை நிறுத்துகிறோம். தொலைக்காட்சிப் பெட்டிக்கும் இரவில் ஓய்வு உண்டு. ஆனால் வாசலில் பொருத்திய கண்காணிப்புக் காமிராவிற்கும், அது அனுப்பும் படங்களைப் பதிவு செய்யும் கணிப்பொறிக்கும் ஓய்வு என்பதே இல்லை. ஆண்டின் 8,760 மணி நேரமும் அவை விழித்திருக்க வேண்டும்.

ஓயாமல் இயங்கும் கருவிகளின் மின்செலவைக் கணக்கிட ஓர் எளிய வாய்பாடு உண்டு. ஒரு வாட் மின்திறன் ஓர் ஆண்டு முழுவதும் தொடர்ந்து செலவானால் 8,760 வாட்-மணி, அதாவது 8.76 யூனிட் ஆகும். ஆகவே இத்தகைய கருவியில் குறைக்கப்படும் ஒவ்வொரு வாட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 யூனிட்டை மிச்சப்படுத்துகிறது.

பல வீடுகளில், மேசையிலிருந்து ஓய்வு பெற்ற பழைய கணிப்பொறியையே பதிவுக் கருவியாக மாற்றிவிடுகிறார்கள். ‘சும்மா கிடந்த பொருள் பயன்பட்டது, செலவே இல்லை’ என்று தோன்றும். அக்கணிப்பொறி 90 வாட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 2.16 யூனிட், 60 நாட்களுக்கு 129.6 யூனிட். தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அந்த 100 யூனிட்டையும் மூலையில் இருக்கும் இந்தப் பெட்டி ஒன்றே தீர்த்துவிடும்! சாதாரணக் கூரை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். அதைவிடப் பெரிய விசிறி ஒன்றை இரவு பகலாக, யாரும் இல்லாத அறையில் சுழல விடுவதற்கு இது ஒப்பாகும்.

இந்த 90 வாட்டில் பெரும்பகுதி தேவையற்றது. எங்கே அது வீணாகிறது, எவ்வாறு அதைத் தடுக்கலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பதிவது வேறு, பார்ப்பது வேறு

வீட்டுக் காவலுக்குக் காமிராவைப் பயன்படுத்தும் எண்ணம் புதிதன்று. அமெரிக்காவில் நியூயார்க் நகரில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர், தம் கணவர் ஆல்பர்ட் பிரவுனுடன் சேர்ந்து இத்தகைய அமைப்பு ஒன்றை உருவாக்கி, 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969இல் அது வழங்கப்பட்டது. கதவில் வெவ்வேறு உயரங்களில் துளைகள். அவற்றின் வழியே வெளியே நோக்கும் காமிரா. உள்ளறையில் ஒரு தொலைக்காட்சித் திரை. வெளியே நிற்பவர் யார் என்பதைத் திரையில் பார்த்து அறியலாம். ஆனால் பார்ப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும்.

இன்று மனிதருக்குப் பதிலாகக் கணிப்பொறி பார்க்கிறது. அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, வரும் படங்களை வன்தட்டில் எழுதி வைப்பது. மற்றொன்று, அப்படங்களில் ஏதேனும் அசைகிறதா, அசைவது மனிதரா, நாயா என்று இடைவிடாமல் ஆராய்வது. முதலாவது பதிவு, இரண்டாவது பார்வை. பதிவுக்கு ஆகும் மின்செலவு மிகக் குறைவு. பார்வைக்கு ஆகும் செலவே பெரிது. மின்சிக்கனத்தின் திறவுகோல் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

காரணத்தை அறிய, காமிராவிலிருந்து படம் எந்த வடிவில் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1920 படப்புள்ளி அகலமும் 1080 படப்புள்ளி உயரமும் கொண்ட ஒரு படத்தில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகளை, நிறத்திற்கு ஒரு பைட் வீதம், குறித்தாக வேண்டும். விநாடிக்கு 25 படங்கள் எனில், விநாடி ஒன்றுக்கு 155 மெகாபைட் செய்தி சேரும். இதை அப்படியே அனுப்பினால் எந்த வீட்டு வலையமைப்பும் திணறிவிடும்.

ஆனால் அடுத்தடுத்த படங்களில் பெரும்பகுதி ஒன்றுபோலவே இருக்கும். மதில்சுவர் மாறுவதில்லை, அதன்மேல் நடக்கும் பூனை மட்டுமே இடம் மாறுகிறது. எனவே காமிராவிலுள்ள ஒரு சில்லு, அவ்வப்போது ஒரு முழுப் படத்தையும், இடைப்பட்ட நேரங்களில் மாறிய பகுதிகளை மட்டும் குறிக்கும் செய்தியையும் அனுப்புகிறது. 2003இல் வெளியான எச்.264, 2013இல் வெளியான எச்.265 ஆகிய தர வரையறைகள் இந்தச் சுருக்கும் முறையையே விளக்குகின்றன. சுருக்கிய பிறகு, விநாடிக்கு 4 மெகாபிட், அதாவது அரை மெகாபைட் இருந்தால் போதும். 300 மடங்கிற்கும் மேற்பட்ட சுருக்கம்!

நான்கு காமிராக்கள் இருந்தால் விநாடிக்கு 2 மெகாபைட். வன்தட்டோ விநாடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேலும் எழுத வல்லது. ஆகவே, வந்ததை வந்தபடியே எழுதி வைப்பது மிகச் சிறிய கணிப்பொறிக்கும் எளிய வேலை. பார்வைக்கோ, சுருங்கிய செய்தியை மீண்டும் விரித்து, ஒவ்வொரு படத்தையும் முழுதாக வரைந்து, முந்தைய படத்துடன் புள்ளி புள்ளியாக ஒப்பிட வேண்டும். கணிப்பொறி சூடேறுவது இங்கேதான்.

முதலில் அளந்து பார்ப்போம்

எதைக் குறைப்பதானாலும் முதலில் அளக்க வேண்டும். இதற்கென மின்திறன் அளவி கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாவிடினும், வீட்டு மின்மீட்டரே போதும். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் அருகே ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. ஒரு யூனிட் செலவானால் விளக்கு 3200 முறை மின்னும் என்பது அதன் பொருள்.

ஒரு யூனிட் என்பது 36,00,000 ஜூல். அதை 3200ஆல் வகுத்தால் 1125 ஜூல். அதாவது விளக்கு ஒருமுறை மின்னும்போது 1125 ஜூல் ஆற்றல் செலவாகியிருக்கிறது. இரண்டு மின்னல்களுக்கு இடையே எத்தனை விநாடி கழிகிறது என்று பார்த்து, 1125ஐ அதனால் வகுத்தால் வாட் கிடைத்துவிடும். 12.5 விநாடிக்கு ஒருமுறை மின்னினால் 90 வாட். 45 விநாடிக்கு ஒருமுறை என்றால் 25 வாட். மீட்டரில் வேறு எண் இருந்தால் 36,00,000ஐ அந்த எண்ணால் வகுத்துக்கொள்ள வேண்டும்.

இச்சோதனையைச் செய்யும் பத்து நிமிடங்களுக்குக் குளிர்பதனப்பெட்டி, இன்வெர்ட்டர், விளக்கு, விசிறி ஆகிய யாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். பதிவுக் கணிப்பொறி மட்டும் இயங்கட்டும். பத்து மின்னல்களுக்கான நேரத்தை எடுத்துச் சராசரி கண்டால் பிழை குறையும். பின்வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தபின் மீண்டும் அளந்து பார்த்தால், எது உண்மையில் பயன் தருகிறது என்பது தெளிவாகும்.

வந்ததை வந்தபடி எழுதுக

சில பதிவு மென்பொருள்கள், காமிரா அனுப்பிய படத்தை விரித்து, அதன்மேல் தேதியையும் நேரத்தையும் பொறித்து, மறுபடியும் சுருக்கி எழுதுகின்றன. உறையில் வந்த கடிதத்தைப் பிரித்து, வேறு தாளில் படியெடுத்து, புதிய உறையில் இட்டு ஒட்டுவது போன்ற வேலை இது. விரிப்பதைவிடச் சுருக்குவது பன்மடங்கு கடினமானது. காமிராவிலுள்ள சில்லு இவ்வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டது. கணிப்பொறி அதை இரண்டாம் முறை செய்யத் தேவையில்லை.

எனவே மென்பொருளில் ‘நேரடிப் பதிவு’ என்ற பொருள்படும் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேதியையும் நேரத்தையும் காமிராவே பொறிக்கும்படி அதன் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். மறுசுருக்கம் நடந்துவரும் வீடுகளில் இந்த ஒரு மாற்றமே பெரும் மிச்சம் தருவது இயல்பு.

சிறிய படத்தில் பார்க்கலாம்

அசைவைக் கண்டறிய அவ்வளவு பெரிய படம் தேவையா? தேவையில்லை. பெரும்பாலான காமிராக்கள் ஒரே நேரத்தில் இரண்டு ஓடைகளாகப் படம் அனுப்ப வல்லவை. முதல் ஓடை முழு அளவுப் படம். ‘சப் ஸ்ட்ரீம்’ எனப்படும் இரண்டாம் ஓடை சிறிய படம். முதல் ஓடையை அப்படியே வன்தட்டில் எழுதிவிட்டு, இரண்டாம் ஓடையை மட்டும் விரித்துப் பார்த்தால் போதும்.

இதன் பயனை எண்களால் உணரலாம். முழுப் படத்தை விநாடிக்கு 25 வீதம் ஆராய்ந்தால், ஒரு காமிராவிற்கு விநாடிக்கு 5 கோடியே 18 இலட்சத்து 40 ஆயிரம் புள்ளிகளைப் பார்க்க வேண்டும். 640 × 360 அளவுள்ள சிறிய படத்தை விநாடிக்கு 5 வீதம் ஆராய்ந்தால் 11 இலட்சத்து 52 ஆயிரம் புள்ளிகள் மட்டுமே. வேலை 45இல் ஒரு பங்காகிவிடுகிறது! பதிவின் தெளிவோ சிறிதும் குறைவதில்லை.

ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். பெரிய படத்தில் 30 புள்ளி உயரமாகத் தெரியும் மனிதர், சிறிய படத்தில் 10 புள்ளி உயரமே இருப்பார். நெடுந்தொலைவைக் கவனிக்கும் காமிராவிற்கு இரண்டாம் ஓடையின் அளவைச் சற்றுக் கூட்டிக்கொள்வது நல்லது.

வேப்பமரக் கிளை காற்றில் ஆடுவதும் அசைவே. மழைத்துளி, காமிராவின் முன் பறக்கும் பூச்சி, சிலந்தி வலை ஆகியவையும் அசைவாகவே தெரியும். ஒவ்வொரு பொய் அசைவும் ‘இது மனிதரா?’ என்ற கடினமான ஆய்வைத் தூண்டிவிடுகிறது. படத்தில் மரம் வரும் பகுதியை ஆய்விலிருந்து விலக்கி வைக்க மென்பொருளில் வசதி உண்டு. காமிராவின் கண்ணாடியை மாதம் ஒருமுறை துடைப்பதும் ஒரு வகையில் மின்சிக்கனமே!

தனி வேலைக்குத் தனிக் கருவி

தேங்காயைக் கத்தியாலும் சீவிச் சீவித் துருவலாம். ஆனால் துருவுமனையில் அதே வேலை விரைவாகவும் களைப்பின்றியும் முடிகிறது. கணிப்பொறியின் செயலியும் இவ்வாறுதான். எந்த வேலையையும் செய்யவல்ல பொதுப் பகுதி ஒன்று அதில் உண்டு. படத்தை விரிப்பதற்கென்றே அமைந்த தனிச் சுற்றும் பல செயலிகளில் உண்டு. இன்டெல் நிறுவனம் 2011இல் வெளியிட்ட செயலிகள் முதல் இத்தகைய சுற்றை அவற்றுள்ளேயே அமைத்து வருகிறது. பொதுப் பகுதிக்குப் பல வாட் தேவைப்படும் வேலையை இச்சுற்று சிறு ஆற்றலில் முடித்துவிடும். அதைப் பயன்படுத்துமாறு மென்பொருளுக்கு நாம்தான் ஆணையிட வேண்டும்.

செயலியிலேயே இவ்வசதி இருப்பின், தனியாகச் செருகிய கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிடலாம். சில கார்டுகள் வேலையின்றி இருக்கும்போதே 10 வாட்டுக்கு மேல் எடுக்கின்றன. மனிதரையும் வாகனத்தையும் பிரித்தறிய விரும்புவோருக்கும் தனிச் சில்லுகள் உள்ளன. கூகிள் நிறுவனம் 2019இல் வெளியிட்ட கோரல் என்ற சிறு கருவி ஏறத்தாழ 2 வாட் செலவில் விநாடிக்கு 4 இலட்சம் கோடிக் கணக்கீடுகளைச் செய்யவல்லது. இப்போது பல காமிராக்கள் தாமே மனிதரை அறிந்து அறிவிக்கின்றன. அப்படியானால் பார்வை வேலை முழுவதையும் காமிராவிடமே விட்டுவிட்டு, கணிப்பொறிக்குப் பதிவு வேலையை மட்டும் தரலாம்.

மெல்ல நடந்தால் களைப்பு குறையும்

செயலியினுள் உள்ள கோடிக்கணக்கான நுண்ணிய மின்பொத்தான்கள் திறந்து மூடும்போது மின்திறன் செலவாகிறது. இச்செலவு துடிப்பின் அதிர்வெண்ணுக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் இருக்கும். மின்னழுத்தத்தின் இருமடி என்பதைக் கவனியுங்கள்.

1.2 வோல்ட்டில் 3.6 கிகா ஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் ஒரு செயலியை 0.9 வோல்ட்டில் 1.8 கிகா ஹெர்ட்ஸ் வேகத்திற்குக் குறைத்தோம் என்க. அதிர்வெண் பாதியாகிறது. மின்னழுத்தம் முக்கால் பங்காவதால் அதன் இருமடி 0.56 ஆகிறது. இரண்டையும் பெருக்கினால் 0.28. திறன் கால் பங்கை ஒட்டி வந்துவிட்டது. வேலை முடிய இருமடங்கு நேரம் ஆனாலும், மொத்த ஆற்றல் 0.56 பங்குதான். பார்வை வேலையை முன்பே குறைத்துவிட்டதால் செயலிக்கு அவசரம் ஏதுமில்லை. இயக்க மென்பொருளில் மின்சேமிப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால் இப்பயன் கிட்டும்.

பெட்டியின் மற்ற உறுப்புகள்

மின்வழங்கி: எஸ்.எம்.பி.எஸ். என்று நாம் வழங்கும் பகுதி மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. 2004இல் தொடங்கிய ‘80 பிளஸ்’ தரத்திட்டம், சுமை 20, 50, 100 விழுக்காடாக இருக்கும்போது குறைந்தது 80 விழுக்காட்டுத் திறமை வேண்டும் என்று வகுத்தது. ஆனால் 500 வாட் மின்வழங்கியில் 25 வாட் மட்டும் எடுத்தால் சுமை 5 விழுக்காடுதான். அங்கே திறமை சரிந்துவிடும். திறமை 60 விழுக்காடாக இருந்தால் 25 வாட் பெறச் சுவரிலிருந்து 42 வாட் எடுக்க வேண்டும். 85 விழுக்காடாக இருந்தால் 29 வாட் போதும். வேலைக்கு ஏற்ற சிறிய மின்வழங்கியே சிக்கனமானது.

வன்தட்டு: 3.5 அங்குல வன்தட்டு சுழன்றுகொண்டிருக்க 4 முதல் 7 வாட் வரை வேண்டும். இரண்டு பழைய தட்டுகளுக்குப் பதில் ஒரு பெரிய தட்டை வைத்தால் அதில் பாதி மிச்சம். மேலே கண்ட நான்கு காமிராக்களும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 173 கிகாபைட் எழுதும். 2 டெராபைட் தட்டில் 11 நாட்களின் பதிவு அடங்கும். தட்டை அடிக்கடி நிறுத்தி ஓட்டுவதில் பயனில்லை. தொடர்ந்து பதிவு நடக்கும்போது அது நிற்கவே போவதில்லை. நின்று நின்று சுழன்றால் தேய்மானம்தான் மிகும்.

திரை: படங்களைப் பார்க்காத நேரத்தில் திரையை அணைத்துவிட வேண்டும். திரையில் நேரடிக் காட்சியை ஓட விட்டால், திரையின் மின்செலவோடு நான்கு ஓடைகளையும் விரிக்கும் செலவும் சேரும்.

மின்தடையின்போது

கட்டணம் குறைவது ஒரு பயன். அதைவிட முக்கியமான மற்றொரு பயன் மின்தடையின்போது தெரியும். தெரு இருண்டு கிடக்கும் நேரத்தில்தான் காவல் மிகவும் தேவை; அந்நேரத்தில் பதிவுக் கருவி மின்கலத்தை நம்பியே இயங்குகிறது.

சிறிய யு.பி.எஸ். ஒன்றில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் உள்ளதென்று கொள்வோம். அதன் கொள்ளளவு 84 வாட்-மணி. மாற்றத்தில் ஏற்படும் இழப்புகள் போகப் பாதியே பயனாகும் என்று வைத்தால் 42 வாட்-மணி. காமிராக்களுக்கும் அவற்றை இணைக்கும் பெட்டிக்கும் 25 வாட், கணிப்பொறிக்கு 90 வாட், ஆக 115 வாட் எனில் 22 நிமிடங்களில் எல்லாம் அணைந்துவிடும். கணிப்பொறியை 25 வாட்டுக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 50 வாட். காவல் 50 நிமிடம் நீடிக்கும்.

நடைமுறையில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். ஈய-அமில மின்கலத்திலிருந்து மெதுவாக மின்னோட்டம் எடுத்தால் அது தரும் மொத்த மின்னூட்டம் மிகும் என்பதை ஜெர்மானிய அறிஞர் பியூக்கர்ட் 1897இலேயே வகுத்துக் காட்டியுள்ளார்.

எதைக் குறைக்கக் கூடாது?

சிக்கனத்திற்கும் எல்லை உண்டு. விநாடிக்கு எத்தனை படங்கள் பதிவாகின்றன என்பதைக் குறைத்தால் செய்தியும் குறையும். மனிதர் விநாடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் நடக்கிறார். விநாடிக்கு 5 படங்கள் எடுத்தால், இரு படங்களுக்கு இடையே 28 செ.மீ. நகர்வார், வாசலைக் காக்க அது போதும். ஒரே ஒரு படம் எனில் 1.4 மீட்டர் நகர்ந்திருப்பார். முகம் தெரியும் கணம் தவறிப்போகலாம். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிளோ விநாடிக்கு 10 மீட்டர் கடக்கும். 5 படங்கள் எடுத்தால் இரண்டு மீட்டருக்கு ஒருமுறைதான் அது பதிவாகும். எனவே தெருவை நோக்கும் காமிராவிற்கு 15 முதல் 25 படங்கள் வேண்டும்.

அசைவு தெரியும்போது மட்டும் பதிவு செய்வோர், அசைவுக்கு முந்தைய சில விநாடிகளையும் நினைவகத்தில் தேக்கிச் சேர்த்து எழுதும்படி அமைக்க வேண்டும். இல்லையெனில் கதவு திறந்து கிடப்பது பதிவாகும், திறந்தவர் பதிவாகமாட்டார். மாற்றங்கள் செய்தபின் ஒருநாள் இரவில் வீட்டார் ஒருவரையே வாசல் வழியே நடக்கச் செய்து, மறுநாள் பதிவைப் பார்த்துச் சரிபார்ப்பது அவசியம்.

கணக்கை முடித்துப் பார்ப்போம். 90 வாட்டிலிருந்து 25 வாட்டுக்கு இறங்கினால் 65 வாட் மிச்சம். இரு மாதங்களில் ஏறத்தாழ 94 யூனிட். ஆண்டுக்கு 569 யூனிட். பயன்பாடு கூடக்கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறுவதால், மிச்சமாகும் யூனிட்டுகள் விலை உயர்ந்த படியிலிருந்தே கழியும். இந்திய மின்வலையில் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாவதால், ஆண்டுக்கு 400 கிலோ அளவில் அதுவும் குறைகிறது.

காவற்காரன் உறங்கக் கூடாது. ஆனால் ஒரே கடிதத்தை ஓயாமல் படியெடுத்துக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. கணிப்பொறியில் எந்த வேலை தேவையானது, எது வெறும் சூடாகப் போகிறது என்று பிரித்தறிந்துவிட்டால், பழைய பெட்டியிலேயே பெரும்பாலான சிக்கனத்தைக் காணலாம். இன்று மாலை மீட்டரின் சிவப்பு விளக்கு எத்தனை விநாடிக்கு ஒருமுறை மின்னுகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். மாற்றங்களைச் செய்தபின் அந்த இடைவெளி எவ்வளவு நீள்கிறதோ, அதுவே உங்கள் வெற்றியின் அளவு.